வாடகைக்கு வீடு கேட்ட மகாராஜா

மணிக்கோட்டை பெரிய தலைநகரம். அங்கே முத்து வாங்கலாம், அரபுக் குதிரை வாங்கலாம், உங்கள் பாட்டனார் புலியை வென்றதாகப் புலவரிடம் ஒரு பாட்டுக்கூட வாங்கலாம். பிள்ளைகுட்டியோடு போய் நின்றால் குடியிருக்க ஒரு வீடு மட்டும் கிடைக்காது.

இது அரசர் உத்தமபாலருக்குத் தெரியாது. அவர் எதற்கு வீடு தேடப் போகிறார்?

பட்டத்தரசிக்கு அப்போது ஆறாம் மாதம். முன்பு இரண்டு தடவை கரு தங்காமல் போனதில் பயந்துபோயிருந்த அரசி, மலையோர ஊரிலிருந்து வெள்ளையம்மா என்ற மருத்துவச்சியை வரவழைத்திருந்தாள். வெள்ளையம்மா கைராசிக்காரி. ஆனால் தனியாக வரவில்லை. புருஷன், மாமியார், நாலு பிள்ளைகள், ஒரு பால் ஆடு எல்லாம் கூடவே வந்து சத்திரத்தில் இறங்கியிருந்தார்கள். கிணறு உள்ள, பிள்ளைகள் ஓடி விளையாடுகிற தெருவில், தன் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற வீடு ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்கே திரும்பிப் போய்விடுவேன் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

வீடு பார்க்கும் வேலை அரசவை விகடன் வெண்காடன் தலையில் விழுந்தது. அவனும் நாயாய் அலைந்தான். மேற்குக் கோட்டைப் பக்கம் வாடகை குறைவு. சுடுகாடு அடுத்த மனை. ஆற்றங்கரைத் தெரு அருமையான தெரு. வாடகையைக் கேட்டதும் வெள்ளையம்மாவின் மாமியாருக்குத் தலை சுற்றிவிட்டது. ஒரு தரகர், "அரண்மனைக்குக் கூப்பிடு தூரம்" என்று சொல்லி வெகுதூரம் அழைத்துப் போனார். வெண்காடன் அங்கே நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டுப் பார்த்தான். ஒரு நரிதான் பதில் சொன்னது. எல்லாம் பொருந்தி வந்த வீடுகளிலோ, பிள்ளைகள் நாலு என்றதும் கதவு சாத்திக்கொண்டது.

நகராதிகாரி தாண்டவராயருக்கு வெண்காடன் மேல் நெடுநாள் எரிச்சல். ஊரில் எத்தனையோ வீடுகள் காலியாகக் கிடக்கின்றன, இவன் எங்கேயோ மரத்தடியில் தூங்கிவிட்டு வந்து கதை அளக்கிறான் என்று அரசர் காதில் போட்டார். அரசருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உள்ளதை உள்ளபடி சொன்னால் யார் வீடு தரமாட்டார்கள்? பௌர்ணமிக்குள் வீடு அமையாவிட்டால், வெள்ளையம்மாவோடு நீயும் மூட்டையைக் கட்டிக்கொள்."

 வெண்காடன் பணிவாகக் கை கட்டிக்கொண்டான்.

"எனக்குப் பேசத் தெரியவில்லை, அரசே. தாங்கள் மாறுவேடத்தில் வந்து, தங்களுக்கென்றே ஒரு வீடு கேட்டுக் காட்டினால் கற்றுக்கொள்வேன். உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். அரசர் என்பதை மட்டும் சொல்லக்கூடாது."

மாறுவேடம் என்றால் உத்தமபாலருக்குச் சாப்பாடுகூட வேண்டாம். உடனே சம்மதித்தார்.

மறுநாள் இருவரும் போய் நின்ற முதல் வீட்டின் சொந்தக்காரி கோமளத்தம்மாள். வாசலில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். வீடு நல்ல காற்றோட்டம். கிணற்றுத் தண்ணீர் தித்தித்தது. அரசருக்குப் பிடித்துப்போயிற்று.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாள் கோமளத்தம்மாள்.

"வேலை என்று தனியாக இல்லை. அப்பா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்."

"அப்ப வருமானம்?"

"ஊரார் கொடுப்பார்கள்."

"குடுக்கலேன்னா?"

"ஆள் அனுப்பி வாங்கிக்கொள்வேன்."

கோமளத்தம்மாள் வெற்றிலைப் பெட்டியை மெல்ல உள்ளே தள்ளி வைத்தாள். வீட்டில் யார் யார் என்று விசாரித்தாள். மனைவிமார் இரண்டு பேர் என்றார் அரசர். வந்து போகிறவர்கள் உண்டா என்று கேட்டாள். விடியற்காலையில் முரசு அடித்ததும் முந்நூறு பேர் வருவார்கள், அதில் புலவர்கள் லேசில் கிளம்பமாட்டார்கள் என்றார். ஆடு மாடு வளர்ப்பதுண்டா என்றதற்கு யானைகளிலிருந்து தொடங்கினார். வெண்காடன் கிணற்றடிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அரசர் முகத்தைப் பார்த்தால் சிரித்துவிடுவோம் என்று அவனுக்குப் பயம்.

"அக்கம்பக்கத்துல அனுசரிச்சுப் போவீங்களா?"

அரசர் வாக்குத் தவறாதவர். "வடக்கே இருப்பவனோடு இரண்டு தரம் சண்டை. தெற்கே இருப்பவன் இடத்தில் பாதி இப்போது என்னிடம்தான் இருக்கிறது."

கோமளத்தம்மாள் எழுந்துவிட்டாள். "ஐயா, இந்த வீட்டை எங்க தம்பி மவனுக்குன்னு சொல்லி வச்சிருந்தேன். இப்பத்தான் நெனப்பு வருது." பிறகு வெண்காடனைத் தனியே அழைத்து, "உங்களைப் பாத்தா நல்ல குடும்பத்துப் புள்ளையாத் தெரியுது. இந்த ஆளு சகவாசம் வேணாம்" என்றாள்.

அடுத்த மூன்று தெருக்களிலும் இதே கதைதான். அங்கேயும் தம்பி மகன்கள் இருந்தார்கள்.

பொழுது சாய, அரசர் குளத்துப் படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். கோபமெல்லாம் போய் மனம் நொந்திருந்தது. ஒரு பகலுக்கே தனக்கு இப்படி இருக்கிறதே, அந்தப் பெண்பிள்ளை நாலு குழந்தைகளை இழுத்துக்கொண்டு எத்தனை வாசல் ஏறி இறங்கினாளோ என்று நினைத்தார். அவள் போய்விட்டால் அரசியின் கதி என்ன?

"வெண்காடா, பிள்ளைகுட்டிக்காரிக்கு வீடு தர இந்த ஊரில் ஒருவர்கூட இல்லையா?"

"ஒருவர் இருக்கிறார், அரசே. தனக்கு எத்தனை வீடு என்று அவருக்கே தெரியாது. குழந்தைகளைக் கண்டு முகம் சுளிக்கமாட்டார். ஒரு குழந்தைக்காகத் தவம் கிடக்கிறவர். ஆனாலும் அவரிடம் போய்க் கேட்க எனக்கு யோசனையாக இருக்கிறது."

"என்ன யோசனை? யார் அவர்?"

"இன்றைக்கு நாலு தெருவில் விசாரித்துவிட்டேன். அவரைப் பற்றி ஒருவர்கூட நல்லபடியாகச் சொல்லவில்லை."

அரசர் ஒரு கணம் விழித்தார். பிறகு ஒட்டுமீசை கழன்று தண்ணீரில் விழும்வரை சிரித்தார்.

வெண்காடனுக்குப் பொற்கிழி கிடைத்தது. அந்தப்புரத்தை அடுத்து, கிணறும் முற்றமுமாக இருந்த அரண்மனை வீடு வெள்ளையம்மாவுக்குக் கிடைத்தது. உரிய மாதத்தில் அரசி சுகமாகப் பிள்ளை பெற்றாள். வெள்ளையம்மா வருமுன் அந்த வீட்டில் வாடகையில்லாமல் இருந்த தாண்டவராயரை, ஊருக்குள் ஏதாவது பார்த்துக்கொள்ளும்படி அரசர் சொல்லிவிட்டார்.

தாண்டவராயருக்கு ஏழு பிள்ளைகள்.