சந்தனத்தில் பதிந்த மோதிரம்

வல்லக நாட்டின் மாபெரும் கணினி, ஆயுத பூஜைக்கு மறுநாள் இயக்கியவுடனே மூச்சடங்கிப் போனது. அயல்நாடான சாரகத்தின் கணினியைவிட வேகமானது என்று மார்தட்டியிருந்த இயக்குநர் ஆதிகேசவன், “சாரகத்தார் இணையவழியே தாக்கிவிட்டார்கள்!” என்று அறிவித்தார். அமைச்சரோ தடயம் கேட்டு நேரிலேயே வந்துவிட்டார்.

தடயத்துக்கு எங்கே போவது? ஆதிகேசவன் துப்புரவுப் பணியாளர் செங்கமலத்தைச் சுட்டினார்.

“தடயத்தை இவள்தான் துடைத்துத் தொலைத்தாள், ஐயா! ஏய், ஒரு மணி நேரத்தில் அதைக் கொண்டு வா. இல்லையென்றால் உன் வேலை போச்சு!”

“காட்டுகிறேன், சார். தாக்கியது யாராயிருந்தாலும் விடமாட்டீர்களே?”

“விடவே மாட்டேன்!”

செங்கமலம் இருவரையும் கணினியின் பின்பக்கம் அழைத்துப் போனாள். காற்றுத் துளைகளைக் காய்ந்த சந்தனம் அடைத்திருந்தது. விசிறியில் பொரி சிக்கியிருந்தது.

“பூஜை போட்டதாயிற்றே என்று நான் தொடவேயில்லை, சார். தாக்கியவர் கை அப்படியே பதிந்திருக்கிறது, பாருங்கள்.”

அமைச்சர் குனிந்தார். ஐந்து விரல்கள், ஒன்றில் ஒன்பது கற்கள் அழுந்திய தடம்.

“சாரகத்தில் நவரத்தின மோதிரம் போடுவார்களா, ஆதிகேசவன்?”

ஆதிகேசவனுக்குக் காது மடல் சுட்டது. சாரகத்தாரின் கண்ணேறு படக்கூடாதென்று கை நிறையச் சந்தனத்தை அப்பியவர் அவரேதான்; தளர்ந்த மோதிரத்தின் கற்கள் உள்ளங்கைப் பக்கம் சுழன்றிருந்ததை அப்போது கவனிக்கவில்லை. வலக்கை தானாகவே கால்சட்டைப் பைக்குள் ஒளிந்தது.

அமைச்சர் செங்கமலத்தைக் கைகூப்பி வணங்கினார். பிறகு இயக்குநர் பக்கம் திரும்பி, கூப்பிய கையோடு காத்து நின்றார். பதில் வணக்கத்துக்கு அந்தக் கையை வெளியே எடுத்துத்தான் ஆகவேண்டியிருந்தது.