கரையில் ஒரு ஜோடி செருப்பு

ஞானக் கதை என்றால் குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். இந்தக் கதையில் தாடி சீடனுக்கு. குருவின் கழுத்தில் கிடந்தது ஒரு விசில்.

குருவின் பெயர் ஜெனோவா. முப்பது வயதைத் தாண்டியிருப்பாள். சிப்பிமுனையில் கடலில் முழுக்குப் போட வருகிறவர்களைக் காவல் காப்பது அவள் வேலை. விடுமுறையில் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்ததில் ‘டீச்சர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சீடன் வியான்னி அவளைவிடப் பத்து வயது மூத்தவன். அவன் அவளை டீச்சர் என்பான். அவள் அவனை அண்ணே என்பாள். இதில் இரண்டு பேருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

வியான்னி ஒரு காலத்தில் பலகையில் ஏறி அலைமேல் நின்று வந்தவன். அலைச்சறுக்குப் போட்டிகளில் கோப்பை வாங்கியவன். ஒரு போட்டியின் கடைசிச் சுற்றில், அவனுக்கென்றே புறப்பட்டு வந்ததுபோல ஓர் அலை எழுந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ அலறுவது கேட்டது. வியான்னி அலையை விட்டுவிட்டுத் திரும்பினான். மூழ்கிக்கொண்டிருந்த கல்லூரி மாணவன் ஒருவனைப் பலகையில் இழுத்துப் போட்டுக் கரை சேர்த்தான்.

கோப்பை வேறொருவனுக்குப் போனது. மாலை இவன் கழுத்தில் விழுந்தது. பேப்பரில் படம் வந்தது. இனி இதுதான் என் வேலை என்று அன்றைக்கே முடிவு செய்து, போட்டிகளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஜெனோவாவிடம் வந்து சேர்ந்தான்.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, இந்த வேலையில் மாலை கிடையாது.

பகலெல்லாம் வெயிலில் நின்று விசில் ஊத வேண்டும். ‘அங்க போகாதீங்க, இங்க குளிங்க’ என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். “கடல் என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?” என்று யாராவது கேட்பார்கள். கேட்டுக்கொள்ள வேண்டும். பொழுது சாய்ந்தால் வேன்கள் போய்விடும். சுண்டல்காரர்கூட அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அப்புறம் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறை. அங்கே “சாப்பிட்டியா?” என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை. பூசிமெழுகுவானேன், வியான்னி தனிமையில் வெந்துகொண்டிருந்தான்.

ஒரு மாலையில் அதைக் கேட்டும் விட்டான்.

“டீச்சர், நான் வந்து ஒரு வருசம் ஆவப்போவுது. ஒருத்தரைக்கூடக் காப்பாத்தல.”

“நல்லது.”

“என்னத்த நல்லது? விசில் ஊதுதேன். ஏச்சு வாங்குதேன். பொழுது சாஞ்சா கரையில ஒருத்தரும் இல்ல. நான் என்னத்துக்கு இங்க நிக்கேன்? சொல்லுங்க.”

ஜெனோவா எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள்.

“வாங்கண்ணே, நடப்போம்.”

தினமும் கூட்டம் போன பிறகு அவள் கரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பாள். அவன் கூடப் போனது அன்றுதான். அவள் கடலைப் பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் மணலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“எதையும் தொலச்சிட்டியளா?”

“இல்ல.”

“பின்ன என்ன தேடுதிய?”

“செருப்பு.”

வார் அறுந்த செருப்பு ஒன்று கிடந்தது. அவள் அதைக் காலால் ஒதுக்கிவிட்டு நடந்தாள்.

“செருப்பு அந்தா கெடக்கே!”

“அது குப்பை. ஜோடியா, ஒழுங்காக் கழத்தி வச்சது கெடக்கான்னு பாக்கணும். திரும்பி வருவோம்னு நெனச்சவங்கதான் அப்படி வச்சிட்டுப் போவாங்க.”

கோடிவரை போய்த் திரும்பினார்கள்.

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலியே டீச்சர்?”

“இன்னைக்கு ஒண்ணும் கெடக்கல,” என்றாள் ஜெனோவா.

மழுப்புகிறாள் என்று வியான்னி நினைத்தான். அவனுக்கு இன்னொரு மனத்தாங்கலும் இருந்தது. அவர்கள் ஏறி நின்று பார்க்கும் மரப் பரணில் மிதவையும் கயிறும் வைக்க ஒரு சின்ன அறை உண்டு. அதன் சாவியை ஜெனோவா அவனிடம் கொடுத்ததே இல்லை. அவன் கிளம்பும்வரை கயிற்றைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நேரம் கடத்துவாள். அவன் போன பிறகுதான் பூட்டுவாள். என்னை நம்பவில்லை போல என்று அவன் எண்ணிக்கொள்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், வேலை நேரத்துக்கு முன்னால், வியான்னி தன் பலகையை எடுத்தான். ஒரு வருடமாகச் சுவரில் சாய்ந்திருந்த பலகை.

சிப்பிமுனையில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாது. இரு பக்கமும் நுரைத்துப் புரளும்போது நடுவில் ஒரு பட்டை நீர் சாதுவாகக் கிடக்கும். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பிப் போகிற வழி அது. அங்கே உள்ளிழுப்பு அதிகம். இடுப்பளவு நீரில் நிற்கிறவனைக் காலை வாரிக் கொண்டுபோய்விடும். ஆனால் பலகைக்காரனுக்கு அதுவே ராஜபாட்டை. கை வலிக்காமல் அலைகளுக்கு அப்பால் கொண்டுபோய் விடும். வியான்னிக்கு இரண்டுமே தெரியும். அறிவுக்கு அது ஆபத்து என்று தெரியும். உடம்புக்கு அது பழகிய பாதை. அன்று உடம்பு ஜெயித்தது. அந்த வழியாகவே போனான்.

போய், ஒரு நல்ல அலையில் எழுந்து நின்று, கரைவரை வந்தான். அப்போதுதான் வந்து இறங்கிய ஒரு வேன் கூட்டம் கை தட்டியது. வியான்னி வெகு நாளைக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தான்.

பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, அந்தச் சாதுவான நீருக்கு நேரே வழக்கம்போல் சிவப்புக் கொடியை நட்டுவிட்டு, கூட்டம் அதிகமாக இருந்த பக்கம் காவலுக்குப் போனான்.

வெயில் ஏறிய வேளையில் கொடிக்கு நேரே ஒரு பெண்ணின் தலை தெரிந்தது. பிறகு கை மட்டும் தெரிந்தது. வியான்னி பலகையோடு பாய்ந்தான். அதே நீர் அவனையும் அள்ளிக்கொண்டு போனது. அவளை எட்டிப் பிடித்து, இழுப்பைவிட்டுப் பக்கவாட்டில் விலகி, அலையோடு அலையாகக் கொண்டுவந்து மணலில் கிடத்தினான். அவள் இருமினாள். தண்ணீரைக் கக்கினாள். மூச்சு வந்தது.

கரையே திரண்டுவிட்டது. ஒருவர் தன் துண்டை அவன் கழுத்தில் போட்டார். செல்போன்கள் உயர்ந்தன. ஆம்புலன்ஸ் வந்து அவளை ஏற்றிப் போன பிறகும் கூட்டம் அவனை விடவில்லை. வியான்னி நடுவில் நின்றான். அவனுக்கு உள்ளம் குளிர்ந்திருந்தது.

ஜெனோவாவை மட்டும் காணோம். தேடினான். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் கடலைப் பார்த்து நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போவாள் என்று அவனுக்கு வருத்தமாக இருந்தது.

அன்று மாலை நடக்கும்போது அவன் நெஞ்சு சற்று நிமிர்ந்தே இருந்தது. கொடியருகில் வந்ததும் ஜெனோவா நின்றாள்.

ஒரு ஜோடி ஆண் செருப்பு. புதுசு. அக்கம்பக்கமாக ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது.



“அண்ணே, நீங்க கூட்டத்து நடுவுல நின்னப்ப, இந்தப் பக்கம் யாரும் எறங்குனதப் பாத்தியளா?”

“இல்ல டீச்சர். நீங்க?”

“நான் நீங்க விட்டுட்டு வந்த பக்கம் பாத்துட்டு நின்னேன். எனக்கு ரெண்டு கண்ணுதானண்ணே.”

வியான்னி பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வெளிச்சம் இருக்கிறவரை கடலில் மேலும் கீழுமாக அலைந்தான். துண்டு கழுத்தில் விழுந்த நேரம், படத்துக்குச் சிரித்த நேரம், எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பி வந்து அந்தச் செருப்பின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“ஒருத்தன் போயிட்டானா டீச்சர்?”

“தெரியல.”



அந்தி மங்கும்போது ரோட்டுப் பக்கமிருந்து ஒரு ஆள் வெறுங்காலோடு வந்தார். நேரே செருப்பிடம் வந்தார். இவர்களைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தார். காலையில் கரை சேர்த்த பெண்ணின் புருஷன். ஆம்புலன்ஸில் அவளோடு அப்படியே ஏறிப் போனவர்.

“ஆஸ்பத்திரியில நல்லாப் பேசுறா. நாளைக்கு வீட்டுக்குப் போலாம்னு சொல்லிட்டாக. செருப்பு புதுசுங்க, அதான் ஓடியாந்தேன்.”

வியான்னி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழ வேண்டியவன் நானல்லவா என்று நினைத்தவர்போல, சட்டென்று அவன் காலில் விழுந்தார்.

“நீங்க எங்க குலசாமி.”

ஜெனோவா அவரைத் தூக்கி நிறுத்தினாள். “ஏங்க, இவ்வளவு பெரிய கடக்கரையில அந்த எடத்துல போயி ஏன் எறங்குனிய?”

“காலையில இவரு பலகையோட அங்கிட்டுத்தான எறங்குனாரு? நாங்க வேன்ல வந்து எறங்கும்போது பாத்தோம். அலையும் இல்ல. அப்புறம் அவரே ஒரு கொடியும் நட்டாரு. விவரம் தெரிஞ்சவரு, நல்ல எடமாப் பாத்து அடையாளம் வச்சிட்டுப் போறாருன்னு நெனச்சோம்.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. நன்றியோடுதான் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொரு முறை கும்பிட்டுவிட்டு, பஸ் பிடிக்கப் போனார்.

வியான்னி சிவப்புக் கொடியைப் பிடுங்கிச் சுருட்டினான்.

“நாளையிலருந்து நான் வரல டீச்சர்.”

“கொடி நட ஆள் வேணும்,” என்றாள் ஜெனோவா. “விடியுமுன்ன வாங்க.”

அவன் வந்தான். பலகையைக் கொண்டுவரவில்லை.

ஆடி அமாவாசை வந்தது. முன்னோருக்குத் தர்ப்பணம் செய்துவிட்டு முழுக்குப் போட ஊர் ஊராக ஜனம் வந்து இறங்கியது. பாதிப் பேர் அன்றுதான் கடலையே பார்க்கிறவர்கள். வியான்னி இந்த முறை கொடியை நட்டுவிட்டுப் போய்விடவில்லை. வழக்கம்போல் பரணின் ஏணியடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, அந்தச் சாதுவான நீருக்கு முன்னால் முழங்கால் தண்ணீரில் தானே வேலிபோல நின்றுகொண்டான். வருகிறவர்களையெல்லாம் மறித்தான்.

“கடல் என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?” என்றார் ஒருவர்.

“ஆமா, எங்கப்பன் சொத்துதான். அங்க தள்ளிக் குளிங்க.”

ஒரு பெரியவர் சாபம் கொடுத்தார். ஒரு பையன் அவன் தாடியைக் கிண்டல் செய்தான். ஒரு அம்மா மட்டும் போகிறபோக்கில் ஒரு வாழைப்பழம் கொடுத்தாள், பித்ருக்களுக்குப் படைத்ததில் மிஞ்சியது. உச்சி தாண்டியதும் குரல் கட்டிவிட்டது. பிறகு வெறும் விசில்தான். பாதம் உப்பில் ஊறி வெளிறிப்போனது. யாரும் மூழ்கவில்லை. யாரும் அவன் பெயரைக் கேட்கவும் இல்லை.

பொழுது சாய்ந்தது. வேன்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசி வேனில் யாரோ பாடிக்கொண்டு போனார்கள். வியான்னி தனியாகவே, வெறுங்காலோடு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தான். குனிந்து பார்த்துக்கொண்டே போய், குனிந்து பார்த்துக்கொண்டே திரும்பினான்.

பரணடியில் ஜெனோவா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணும் கெடக்கல டீச்சர்,” என்றான், கட்டிய குரலில். “கரையில ஒருத்தரும் இல்ல.”

“நல்லாப் பாத்தியளா?”

“பாத்தேன்.”

“ஒரு ஜோடி கெடக்கே அண்ணே.”

“எங்க?”

அவள் பரணின் ஏணியைக் காட்டினாள். ஓடிப் போய்க் குனிந்தான். ஏணியடியில், ஒழுங்காக, அக்கம்பக்கமாக ஒரு ஜோடி செருப்பு இருந்தது. இருட்டில் கையால் தடவித்தான் தெரிந்துகொண்டான்.

“இது என் செருப்புல்லா டீச்சர்.”

“தெரியும். தெனமும் கடைசியா அதத்தான் பாக்கேன்,” என்றாள் ஜெனோவா, சாவியை எடுக்காமல். “அதுவும் வீடு போய்ச் சேரட்டும். பெறகு பூட்டுதேன்.”