உடைந்த செல்கள்

மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபது வருடம் வைத்தியம் பார்த்துவிட்டு, ஐம்பத்தொரு வயதில் நோயியல் படிக்க வந்தவர் அருளப்பன். அவருடைய ஆசிரியை திலோத்தமை அவரைவிடப் பதினோரு வயது இளையவர்.

புதிதாக வந்த சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க, அன்று காலை அருளப்பன் தன் ரத்தத்தையே எடுத்து கண்ணாடி ஸ்லைடில் மெல்லிய பூச்சாக இழுத்தார். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தால், லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் அளவுக்கு மீறி மொய்த்துக் கிடந்தன. இரண்டு மாதமாகச் சவரம் செய்யும்போதெல்லாம் விரலில் தட்டுப்பட்ட கழுத்துக் கட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பெயர் எழுதாமலே ஸ்லைடை ஆசிரியையிடம் நீட்டினார்.

“யாருது?”

“ஒரு பேஷண்ட், மேடம். ஐம்பத்தொரு வயசு. கழுத்துல நெறி கட்டியிருக்கு.”

திலோத்தமை வெகுநேரம் பார்த்தார்.

“லிம்போசைட் நெறைய இருக்கு. எல்லாம் சின்னது, முதிர்ந்தது, ஒரே அச்சுல வார்த்த மாதிரி. நாள்பட்ட ரத்தப் புற்றா இருக்கலாம்.”

“நெறியில வர்ற புற்று, லிம்போமாவா இருக்காதா?”

“ரெண்டுலயும் இதே செல்தான். ரத்தத்துல மிதந்தா ஒரு பேர், நெறியிலேயே தங்கிட்டா இன்னொரு பேர்.”

“எவ்வளவு நாள், மேடம்?”

“பல பேருக்கு வருஷக்கணக்கா மருந்தே வேண்டியிருக்காது. சிலருக்குச் சீக்கிரமே வேணும். அதை இந்த ஸ்லைடு சொல்லாது.”

அருளப்பன் மறுபடி குனிந்து அதே ஸ்லைடைப் பார்த்தார்.

“பாதி செல் உடைஞ்சு நசுங்கிக் கெடக்கே. உடம்புக்குள்ளயும் இப்படித்தான் சிதைஞ்சு போய்க்கிட்டிருக்கா?”

“மிச்ச ரத்தம் இருக்கா?”

முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்த கையால் அருளப்பன் ரத்தக் குழாயை எடுத்துக் கொடுத்தார். திலோத்தமை அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, ஆல்புமின் என்ற புரதக் கரைசல் ஒரு துளி கலந்து, வேறொரு ஸ்லைடில் இழுத்தார். சாயமேற்றிக் காயவைத்தார்.

“இப்போ பாருங்க.”

செல்கள் எல்லாம் முழுசாக, உருண்டையாக இருந்தன.

“அப்போ... நோய் இல்லையா?”

“எண்ணிப் பாருங்க.”

எண்ணினார். நூற்றுக்கு எண்பத்திரண்டு லிம்போசைட்.

“நோய் இருக்கு டாக்டர். ஆனா எதுவும் உள்ள உடையல. இந்தச் செல் ரொம்ப மெலிசு. நாம கண்ணாடியில இழுக்கறப்போ உடைஞ்சது.”

அருளப்பன் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலை நிமிரவில்லை.

“அந்தப் பேஷண்ட்கிட்ட இதை எப்படிச் சொல்றது, மேடம்?”

திலோத்தமை எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

“அவர்கிட்டதான் இவ்வளவு நேரமாச் சொல்லிக்கிட்டிருக்கேன். உட்காருங்க.”