பத்து நிமிடக் காற்று

"மாஸ்டர், சனிக்கிழமைக்குள்ள எனக்கு நைட்ராக்ஸ் கார்டு வேணும்."

உலகநாதன் நின்றபடியே கேட்டார். கரூரில் போர்வை ஏற்றுமதி. வயது ஐம்பத்து நான்கு. விடிவதற்கு முன் காரை எடுத்து, எங்கும் நிறுத்தாமல் புதுச்சேரி வந்திருக்கிறார்.

மரிஸ்டெல்லா நீச்சல் குளத்து ஓரமாக உட்கார்ந்து ஒரு சிலிண்டருக்கு ரப்பர் வளையம் மாற்றிக்கொண்டிருந்தாள். அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். ஆனால் கடலில் முக்குளிக்க அவளிடம் கற்றவர்கள் எல்லோருக்கும் அவள் மாஸ்டர்தான்.

"எதுக்கு?"

"மாலத்தீவு போறோம். ரெண்டு குடும்பமும்."

"அங்க முக்குளிக்க உங்ககிட்ட இருக்கிற சாதாக் கார்டே போதும்."

"வைத்திலிங்கம் எடுத்துட்டாரே!"

வைத்திலிங்கம் அவருடைய சகலை. மனைவியின் அக்காள் கணவர். போன வாரம் நைட்ராக்ஸ் கார்டைக் கையில் பிடித்தபடி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். கீழே பதினேழு கைதட்டல். அதில் ஒன்று உலகநாதனின் மனைவி தட்டியது.

அந்த ஒன்றுதான் அவருக்குச் சோறு இறங்கவிடவில்லை.

"நைட்ராக்ஸ்னா என்னன்னு தெரியுமா?"

"ஆக்சிஜன் கூடக் கலந்த காத்து. ரொம்ப நேரம் அடியில இருக்கலாம்."

"பாதி சரி. உடம்புல நைட்ரஜன் சேர்றது குறையும், அதனால நேரம் கூடும். ஆனா சிலிண்டர் அதே சிலிண்டர். காத்து தீர்ந்தா மேல வந்துதான் ஆகணும்."

"சரி."

"இன்னொண்ணு. அதுல மூச்சு விடப்போறவர்தான் ஆக்சிஜன் எவ்வளவுன்னு அளக்கணும். அளந்து, டேப்புல எழுதி, பேர் போட்டு சிலிண்டர்ல ஒட்டணும். அடுத்தவர் அளந்ததை நம்பி இறங்கக் கூடாது. அதான் முதல் பாடம்."

"ஒட்டிட்டாப் போச்சு."

"லாக் புக் கொடுங்க."

கொடுத்தார். முக்குளித்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பக்கம். அந்தமானில் ஆறு. ஆறு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி: 'நான் 34 நிமிடம். வை. 51.'

"இந்த 'வை.' எந்த மீன்?"

உலகநாதன் குளத்தைப் பார்த்தார்.

"அப்ப அவர்கிட்ட நைட்ராக்ஸ் இருந்துச்சா?"

"இல்ல. சாதாக் காத்துதான்."

"உங்களுக்கு?"

"அதேதான். எனக்குச் சீக்கிரம் தீர்ந்துபோச்சு. படகுல உக்காந்து அவர் விடற குமிழியைப் பாத்துட்டு இருந்தேன். தர்பூசணி கொடுத்தாங்க. எவனுக்கு வேணும்?"

"அடியில என்ன பாத்தீங்க?"

"ஆமை இருந்துச்சாம். வைத்திலிங்கம் சொன்னார்."

மரிஸ்டெல்லா புத்தகத்தை மூடினாள்.

"சட்டையைக் கழட்டுங்க."

வெள்ளைச் சட்டை. சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மாட்டினார். சிலிண்டரைக் கட்டிக்கொண்டார். மிச்சக் காற்றைக் காட்டும் கேஜ் முள் இருநூறில் நின்றது.

"அடியில, மூணு மீட்டர் ஆழம். பத்து நிமிஷம். சும்மா உக்காந்திருங்க."

உட்கார்ந்தார். வெயில் தரையில் வலை பின்னியது. ஒரு பாட்டில் மூடி கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடம் கழித்து மரிஸ்டெல்லா மூச்சடக்கி இறங்கி வந்தாள். கேஜைப் பார்த்தாள். நூற்று எண்பத்தைந்து. அவரிடமும் காட்டினாள். பிறகு எழுதிக் கொண்டுவந்த சிலேட்டை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

'இன்னும் பத்து நிமிஷம். உங்க சகலை வந்திருக்கார். மேல இருந்து பாக்கறார்.'

போய்விட்டாள்.

உலகநாதன் அண்ணாந்து பார்த்தார். கரையோரத்தில் நாற்காலி. அதில் வெள்ளையாக ஒரு உருவம், தண்ணீரில் நெளிந்துகொண்டு. கால்மேல் கால் போட்டிருப்பது மாதிரி தெரிந்தது.

யார் சொன்னது இவருக்கு? வீட்டில்தான் சொல்லியிருப்பாள். வேறு யார்?

முதுகை நிமிர்த்தினார். தொப்பையை உள்ளே இழுத்தார். இப்போது சிரிக்கிறாரா? சிரிக்கட்டும். இதற்குமேல் இன்னும் என்ன கோர்ஸ் சேர வந்திருக்கிறார்?

பாட்டில் மூடி எங்கே போனதென்று தெரியவில்லை.

ஏணியில் தட்டும் சத்தம் கேட்டது. மேலே வந்தார். வாங்க சகலை என்று சொல்ல ஒரு சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு முகக் கண்ணாடியைக் கழற்றினார்.

நாற்காலி கரையோரம் நகர்ந்திருந்தது. அதன் முதுகில் அவருடைய சட்டை. பையில் அவருடைய கார் சாவி.

"எங்கே அவர்?"

மரிஸ்டெல்லா கேஜைத் தூக்கிக் காட்டினாள். நூற்று ஐம்பத்தைந்து.

முன்பு குறைந்தது பதினைந்து. இப்போது முப்பது. அதே ஆழம், அதே பத்து நிமிடம்.

அவள் வெள்ளை டேப்பில் ஒரு துண்டு கிழித்தாள். பேனாவை நீட்டினாள்.

"இது சாதாக் காத்துதானே மாஸ்டர். இதுக்கு எதுக்கு டேப்பு?"

"இழுத்தது யாரு? பேரைப் போடுங்க."

ஈரக் கையோடு 'வை' என்று எழுதினார்.

பேனா நின்றது. நாற்காலியைப் பார்த்தார்.

எழுதியதை அடித்தார். பக்கத்தில் 'உலகநாதன்' என்று முழுசாக எழுதி, சிலிண்டரில் ஒட்டினார். நகத்தால் அழுத்தித் தேய்த்தார்.

"கார்டு?" குரல் இறங்கியிருந்தது.

"முதல் பாடம் முடிஞ்சுது," என்றாள் மரிஸ்டெல்லா. "அந்தச் சட்டையை எடுத்துட்டு நாற்காலியில நீங்க உக்காருங்க."