காம்பு இல்லாத கோடாலி

"எனக்குன்னு ஒரு கோடாலி வேணும்மா" என்றார் நல்லதம்பி.

மெய்யம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. நல்லதம்பி அவரைவிட வயதில் மூத்தவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, மீதி நாளை நிம்மதியாகக் கழிக்கலாம் என்று சீடராக வந்து சேர்ந்தவர்.

"மடத்துல ஒரு கோடாலி இருக்கே?"

"அது மகராசன் கையில இருக்கு."

மகராசனும் சீடர்தான். விறகு அவர் பொறுப்பு.

"கேட்டா உடனே தரமாட்டாருமா. எதுக்குன்னு கேப்பாரு. தந்துட்டு பின்னாலயே வந்து நிப்பாரு. நான் வெட்டுறதப் பாத்து உச்சுக் கொட்டுவாரு. அந்தச் சத்தம் காதுல விழுந்தா எனக்குத் தியானமே கூடல."

"கோடாலி வந்தா கூடிடுமா?"

"கோடாலி வந்ததும் மேல குகைக்குப் போயிடுறேன். அங்க யார்கிட்டயும் எதுவும் கேக்க வேண்டாம்."

மெய்யம்மை ஒரு பூச்சி அரித்த இலையைத் தள்ளிப் போட்டார்.

"சரி, செய்யச் சொல்லுங்க."

நல்லதம்பி பட்டறைக்குப் போனார். மாடக்கண்ணு ஆசாரி உலையைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

"எதுக்குச் சாமி கோடாலி?"

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்னா?"

"விறகு வெட்டணும். கிழங்கு தோண்டணும். முளை அடிக்கணும். இடுப்புல செருகிக்கவும் வசதியா இருக்கணும். கரடி எதுத்தா ஒரு தைரியத்துக்கும் ஆச்சு."

"கரடிகிட்ட இத நம்பாதீங்க" என்றார் ஆசாரி. மற்றதெல்லாம் செய்து தருவதாகச் சொன்னார்.

நல்லதம்பி அடிக்கடி போய் எட்டிப் பார்த்தார். முன்பக்கம் கொஞ்சம் வளைவு கேட்டார். பின்பக்கம் சுத்தியல் மாதிரி தட்டையாகக் கேட்டார். ஆசாரி முகம் சுளிக்காமல் காய்ச்சி அடித்தார். கடைசியில் சாக்குத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

பிரித்துப் பார்த்தால் இரும்பு மட்டும் இருந்தது. நடுவில் துளை.

"காம்பு எங்க?"

"காம்பு நாங்க போடுறதில்ல சாமி. எங்க அப்பா காலத்துலயும் கிடையாது. அவங்கவங்க உசிலை மரத்துக் கொம்பு வெட்டி, அவங்கவங்க கைக்குத் தக்கன செதுக்கிக்கிடுவாங்க."

நல்லதம்பி பாவம், டவுனிலேயே வளர்ந்தவர். கடையில் வாங்கும் குடை பிடியோடுதானே வருகிறது, கோடாலியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

மடத்து அடுக்களை அரிவாளை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். உசிலைக்கொம்பு அசையவில்லை, அரிவாளின் வாய்தான் மழுங்கியது. புது இரும்பைக் கையில் பிடித்துக் கொத்திப் பார்த்தார். உள்ளங்கை கிழிந்தது.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு குருவிடம் வந்தார். அவமானத்தில் அவர் குரல் இறங்கியிருந்தது.

"காம்பு வெட்டணும்மா. அத வெட்ட ஒரு கோடாலி வேணும்."

மெய்யம்மை விறகுக் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார்.

நல்லதம்பி முற்றத்தில் வெகுநேரம் நின்றார். அந்தக் கொட்டகைக்குப் போவதைவிட மலையை ஏறி இறங்குவது அவருக்குச் சுலபம். ஆனாலும் போனார்.

"அண்ணாச்சி, கோடாலி வேணும்."

"எதுக்கு?" என்றார் மகராசன்.

நல்லதம்பி இரும்பைக் காட்டினார். மகராசன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு துணி சுற்றிய கையைப் பார்த்தார். கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தார். நல்லதம்பி பின்னால் போனார்.

மகராசன் மூன்று கொம்புகளைத் தட்டிப் பார்த்துவிட்டு நாலாவதை வெட்டினார். கணப்பில் வாட்டினார். நல்லதம்பியின் நல்ல கையை நீட்டச் சொல்லி, பிடித்துப் பார்க்கச் சொல்லி, மறுபடி செதுக்கினார்.

"இப்ப?"

"கொஞ்சம் தடிமனா இருக்கு."

மகராசன் உச்சுக் கொட்டினார். இன்னும் கொஞ்சம் செதுக்கினார்.

"இப்ப?"

"இப்ப சரி."

துளையில் நுழைத்து, தலையில் ஆப்பு இறக்கி, ஓங்கி உதறிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

கை ஆறியது. நல்லதம்பி துணிமணியை மூட்டை கட்டினார். கோடாலியை இடுப்பில் செருகிக்கொண்டு விடைபெற வந்தார்.

"வாரேம்மா. இனி யார் தயவும் வேண்டாம்."

"நல்லது" என்றார் மெய்யம்மை. "மேல போயி காம்பு உடைஞ்சா என்ன செய்வீங்க?"

நல்லதம்பி சிரித்தார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அது எப்படிம்மா உடையும்? மகராசன் போட்ட காம்பு."

சொல்லிவிட்டு, அடுத்த அடி எடுத்து வைக்காமல் நின்றார்.