கரியரில் இருந்தவள்

காலமை பஸ் ஓடினவரைக்கும் மங்களேஸ்வரி அக்காவுக்குச் சைக்கிள் தேவைப்படேல்லை.

நாங்கள் இருக்கிறது டென்மார்க்குக்குச் சொந்தமான ஒரு சின்னத் தீவு. தமிழ்க் குடும்பம் ஒன்பதே ஒன்பது. அக்காவுக்கு வயோதிபர் இல்லத்திலை வேலை. இல்லம் அடுத்த ஊரிலை, கப்பலுக்கு வழி காட்டுற வெளிச்சவீட்டுக்குப் பக்கத்திலை. காலமை ஏழு மணிக்கு அங்கை நிக்கவேணும். ஆவணியோடை அந்த பஸ்ஸை நிப்பாட்டிப் போட்டாங்கள். ரெண்டு மாசத்திலை சைக்கிள் பழகுங்கோ, இல்லாட்டி நாங்கள் வேறை ஆள் பாக்கவேணும் எண்டு இல்லத்திலை சிரிச்சுக்கொண்டே சொல்லிப்போட்டினம். அப்ப அக்காவுக்கு வயசு அம்பத்திரண்டு.

யாழ்ப்பாணத்திலை பிறந்த பொம்பிளைக்கு ஆரும் சைக்கிள் பழக்கிறதோ எண்டு நாங்கள் பகிடி பண்ணினம். அக்கா சிரிக்கேல்லை. பதினேழு வயசுக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை எண்டு மட்டும் சொன்னா.

பழக்க வந்தவ சுகிர்தா. தபால் குடுக்கிற வேலை, பதினைஞ்சு வருசமாய் இந்தத் தீவைச் சைக்கிளிலை சுத்துறவ. அக்காவிலும் பத்து வயசு இளமை. ஆளும் சின்ன ஆள், கதையும் குறைவு. ஆனாலும் அக்கா முதல் நாளே அவவை ரீச்சர் எண்டு கூப்பிடத் தொடங்கினா. பழக்கிறவவுக்கு எத்தினை வயசெண்டாலும் ரீச்சர்தான் எண்டு ஒரே பிடி. ரீச்சர் அவவை அக்கா எண்டா.

இந்த ஊர்ச் சைக்கிளிலை பெடலைப் பின்னுக்கு உழக்கினால் பிரேக். எங்கட ஊர்ச் சைக்கிள் அப்பிடியில்லை. பின்னுக்கு எவ்வளவு சுத்தினாலும் கிர்ர் எண்டு சத்தம் மட்டும் வரும், சைக்கிள் தன்பாட்டிலை போகும். கரியரிலை இருக்கிற ஆளோடை கதைச்சுக்கொண்டு போகேக்கை எல்லாரும் சும்மா அப்பிடிச் சுத்துவம். இஞ்சை வந்த புதிசிலை நாங்கள் எல்லாரும் அந்தப் பழக்கத்தாலை விழுந்தெழும்பினனாங்கள். ஒரு கிழமையிலை கால் திருந்திவிடும்.

அக்காவின்ரை கால் ஒரு மாசமாகியும் திருந்தேல்லை. கொஞ்சத் தூரம் நல்லாய்ப் போவா. பிறகு கால் பின்னுக்குப் போகும், சைக்கிள் சடாரெண்டு நிக்கும், அக்கா விழுவா. முழங்கால் ரெண்டும் உரஞ்சு புண்ணாய்ப் போச்சு.

ஒருநாள் ரீச்சர் ஹாண்டிலைப் பிடிச்சுக்கொண்டு கேட்டா.

"அக்கா, கால் பின்னுக்குப் போக முதல் உங்கட தலை திரும்புது. பின்னுக்கு ஆருக்குக் காது குடுக்கிறீங்கள்?"

அக்கா சைக்கிளாலை இறங்கினா. பிறகு றோட்டோரத்திலை குந்தியிருந்து சொல்லத் தொடங்கினா.

தொண்ணூறாம் ஆண்டு, ஆனி மாசம். ஊருக்குள்ளை ஷெல் விழத் தொடங்கின காலமை. வீட்டிலை இருந்தது ஒரு சைக்கிள். அம்மாவும் அப்பாவும் நடந்து வர, அக்கா தன்ரை தங்கச்சி பாமினியைக் கரியரிலை ஏத்திக்கொண்டு கோயிலடிக்கு உழக்கினா. பாமினிக்குப் பதினொரு வயசு. வழியிலை ஒரு மதகு. அதிலை றோட்டு ஏறி இறங்கும். மதகடியிலை ஒரு ஷெல் விழுந்தது. அக்கா தலையைக் குனிஞ்சுகொண்டு இன்னும் வேகமாய் உழக்கினா. கோயிலடியிலை நிப்பாட்டித் திரும்பிப் பாத்தால் கரியரிலை ஆளில்லை.

அங்கை நிண்ட சனம் அக்காவைத் திரும்பிப் போக விடேல்லை, பிடிச்சு இருத்திப் போட்டுதுகள். பின்னேரம் ஷெல் அடி ஓய்ஞ்ச பிறகுதான் போய்ப் பிள்ளையின்ரை உடம்பை எடுத்தவை. மதகுக்குக் கீழை ஒளிச்சிருந்த ஒரு மனுசி சொன்னாவாம், பிள்ளை விழுந்து கிடந்து அக்கா, அக்கா எண்டு கூப்பிட்டது எண்டு. அந்த மனுசி ஏன்தான் அதைச் சொன்னாவோ. சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"பாரம் குறைஞ்சது தெரியேல்லையோ?" எண்டு ரீச்சர் கேட்டா.

"தெரிஞ்சது. மதகாலை இறங்கிறன், அதுதான் லேசாய்க் கிடக்கு எண்டு நினைச்சன்."

"காத்து?"

"சோளகம். நேரை முகத்திலை அடிச்சது."

அதுக்குப் பிறகுதான் அக்கா முப்பத்தைஞ்சு வருசமாய் ஆரிட்டையும் கேக்காத கேள்வியைக் கேட்டா. புருசனிட்டைக்கூட அவ அதைக் கேட்டதில்லை.

"ரீச்சர், அவள் கூப்பிட்டது எனக்கு உண்மையாய்க் கேக்கேல்லையோ? இல்லாட்டி கேட்டும், உயிர்ப் பயத்திலை கேக்காத மாதிரி ஓடிப்போட்டனோ? எனக்கே தெரியாமல் கிடக்கு."

உங்களிலை என்ன பிழை, அது விதி எண்டு ரீச்சரும் சொல்லுவா எண்டு அக்கா பாத்துக்கொண்டு இருந்தா. எல்லாரும் சொல்லுறது அதுதானே. ரீச்சரோ சைக்கிளை நிமித்தி நிப்பாட்டினா. இனி நான் வரச்சொல்லுற அண்டைக்கு வந்தால் போதும் எண்டுபோட்டுப் போயிட்டா.

ஒன்பது நாள் கூப்பிடவே இல்லை. அக்காவுக்கு வெக்கமும் கோபமுமாய் வந்தது. வேலையும் போகப்போகுது, வாயைத் திறந்து கதையையும் சொல்லிக் கெட்டுப்போனன் எண்டு தனிய இருந்து அழுதா. ரீச்சர் அந்த ஒன்பது நாளும் தபாலைக் குடுத்துக்கொண்டு, மரங்களைப் பாத்துக்கொண்டு திரிஞ்சா. ஒரு இலைகூட ஆடேல்லை.

பத்தாம் நாள் மேற்குக் காத்து எழும்பினது. கடல் இரைஞ்சது. நாய்கூட வெளியிலை வரேல்லை. காலமை பத்து மணிக்கு ரீச்சர் ரெலிபோன் எடுத்து, வாங்கோ எண்டா.

இண்டைக்கு நான் கரியரிலை இருக்கிறன், வெளிச்சவீடு வரைக்கும் ஓடுங்கோ எண்டு ரீச்சர் சொல்ல, அக்கா திகைச்சுப் போனா. இந்த நாட்டிலை டபிள் ஏத்தக் கூடாது, பொலிஸ் மறிக்கும் எண்டு சொல்லிப் பாத்தா. இந்தக் காத்துக்கை வெளிக்கிட்டு வாறதுக்குப் பொலிசுக்கு என்ன விசரோ எண்டுபோட்டு ரீச்சர் ஏறி இருந்தா.

கரியரிலை பாரம் இருந்ததாலையோ என்னவோ, அண்டைக்குக் கால் பின்னுக்குப் போகேல்லை. இருக்கிறீங்களோ எண்டு அக்கா ரெண்டு தரம் கேட்டா. ரெண்டு தரமும் ரீச்சர் முதுகிலை தட்டினா. பிறகு தேவாலயத்தடி மேடு வந்தது. அதிலை ஏறேக்கை அக்காவுக்குக் கதைக்க மூச்சு இல்லை. மேடு முடிஞ்சு கடல் றோட்டுக்கு இறங்க, சைக்கிள் லேசாய்ப் பறந்தது. காத்து முகத்திலை அறைஞ்சது. எத்தினையோ வருசத்துக்குப் பிறகு அக்காவுக்கு ஒரு சந்தோசம் வந்தது. தலையைக் குனிஞ்சுகொண்டு உழக்கினா, ஒருக்காலும் விழேல்லை.

வெளிச்சவீட்டடியிலை நிப்பாட்டி, பாத்தீங்களோ ரீச்சர் எண்டு திரும்பினா.

கரியரிலை ஆளில்லை.

சைக்கிள் கையை விட்டு விழுந்தது. அக்கா வந்த வழியாலை திரும்பி ஓடினா. அம்பத்திரண்டு வயசு, முழங்கால் ரெண்டும் புண், அப்பிடியே அழுதுகொண்டு ஓடினா. ஓடி ஓடிக் கூப்பிட்டது ரீச்சரை இல்லை, பாமினியை.

கடல் றோட்டிலை ரீச்சர் ஜக்கெற் பொக்கெற்றுக்குள்ளை கையை வைச்சுக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தா. அக்கா அவவின்ரை ரெண்டு தோளையும் பிடிச்சு உலுக்கினா.

"எங்கை இறங்கினீங்கள்?"

"மேட்டு உச்சியிலை."

"சொல்லிப்போட்டு இறங்கக் கூடாதோ? எனக்கு உயிர் போயிட்டுது."

"சொன்னனான். இறங்கேக்கை அக்கா எண்டனான். பிறகு றோட்டிலை நிண்டு ரெண்டு தரம் கத்தினனான்."

"எனக்குக் கேக்கேல்லை."

சொன்ன வாயோடை அக்கா அப்பிடியே நிண்டா. கை ரெண்டும் ரீச்சரின்ரை தோளிலை கிடந்தது. காத்து விடாமல் அடிச்சுக்கொண்டிருந்தது.

ரீச்சர் கிட்ட வந்து, காதடியிலை சொன்னா.

"ஓம் அக்கா. கேக்கேல்லை."