வயர் பிடித்த மாப்பிள்ளை

சுண்டக்காப்புதூர் ஆட்களைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சரி, சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள் என்பதை மட்டும் எவரும் மறுக்க முடியாது. சிக்கலே அதுதான். ஒருமுறை பஞ்சாயத்து ஆபீஸ் கதவில் "பெயிண்ட் ஈரம், தொடாதீர்" என்று சாக்பீஸில் எழுதி வைத்தார்கள். எழுதியதை அழிக்க வேண்டுமென்றால் கதவைத் தொட வேண்டுமல்லவா? ஆறு வருஷமாகத் தலைவர் உட்பட எல்லோரும் ஜன்னல் வழியாகத்தான் போய்வருகிறார்கள்.

அந்த ஊரில் பொன்னுரங்கம், நாச்சிமுத்து, குழந்தைவேலு, தவசியப்பன் என்று நாலு சிநேகிதர்கள். மலைமேல் மூடிப்போன ஒரு எஸ்டேட்டில் ஏலம் விட்டபோது, நாலு பேரும் சேர்ந்து ஒரு பழைய ஜீப்பை எடுத்தார்கள். நாலு சக்கரமும் இழுக்கும், கியர் தானாகவே மாறும். கிளட்ச் மிதியே கிடையாது. அந்த மிதியைத் திருட்டுக் கொடுத்துவிட்டோம் என்று முதல் வாரம் முழுக்கத் தேடினார்கள்.

இந்த ஜீப்பை வைத்துத்தான் பொன்னுரங்கத்தின் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்தது. மலைமேல் கூத்தாடிமேட்டில் செம்மலையார் மகள் மரகதத்தை அவனுக்குப் பேசியிருந்தார்கள். பெண் பார்க்கப் போனபோது ஒரே ஒருமுறை பார்த்தான். அன்றிலிருந்து சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூட அவனுக்குத் தெரிவதில்லை.

செம்மலையார் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"மூத்தவளைக் கட்டிக்குடுத்த எடத்து வண்டி மேடேறாதுங்க. வருசத்துக்கு ஒருக்காத்தான் என்ற புள்ள மொகத்தைப் பாக்கறேன். சின்னவளைக் கட்டறவன் சொந்த வண்டியில நாப்பது வளைவும் ஏறி, வெள்ளிக்கெழம பதினொண்ணரைக்குள்ள என்ற வாசல்ல வந்து நிக்கோணும். நின்னா தட்டு மாத்திக்கலாம். இல்லீன்னா பன்னெண்டு மணிக்கு மரக்கடைக்காரர் பையன் வர்றான்."

வியாழக்கிழமை சாயங்காலம் ஜீப் படுத்துக்கொண்டது. ஓடத்தான் செய்தது. ஆனால் மூன்றாவது கியரிலேயே நின்றுகொண்டு கீழே இறங்க மாட்டேன் என்றது. சமதரையில் போகும், மேட்டைப் பார்த்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும். டாஷ்போர்டில் ஒரு ஆரஞ்சு விளக்கு வேறு கண்ணடித்துக்கொண்டிருந்தது.

வெள்ளி காலை ஆறு மணிக்கு, பட்டு வேட்டி கட்டிய கையோடு பொன்னுரங்கம் கோயமுத்தூர் ஜேக்கப் அண்ணனுக்குப் போன் போட்டான். ஜேக்கப் வண்டி எலக்ட்ரீஷியன். அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக் வண்டிகளின் நரம்பெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"பயப்படாதே தம்பி, அது கரண்ட் கோளாறுதான். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கும். நான் சொல்ற ரெண்டு ஓட்டைக்கும் ஒரு துண்டு வயரைப் போட்டுச் சாவியத் திருப்பு. லைட்டு விட்டு விட்டு எரியும். எத்தனை தடவைன்னு ஒண்ணு விடாம எண்ணிச் சொல்லு. என்ன கோளாறுன்னு வண்டியே சொல்லிரும்."

ஒன்று விடாமல் எண்ணினார்கள்.

விளக்கு ஆறு தடவை எரிந்தது, கொஞ்சம் நின்றது, ரெண்டு தடவை எரிந்தது, நின்றது, மறுபடி ஆறு. ஒரே சேதியைத் திருப்பித் திருப்பிச் சொல்லும் என்று ஜேக்கப் சொல்ல மறந்துவிட்டார். நாச்சிமுத்து வாய்விட்டு எண்ண, குழந்தைவேலு நோட்டில் கோடு போட்டான். நானூறு தாண்டியதும் நாச்சிமுத்துவுக்குத் தொண்டை கட்டியது. தவசியப்பனை உட்கார வைத்தார்கள்.

"எரியவே இல்லியேடா," என்றான் தவசியப்பன்.

"எரியுதுடா, நல்லாப் பாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கறேன். இருட்டாத்தான் கெடக்குது."

குழந்தைவேலு விளக்கை விட்டுவிட்டுத் தவசியப்பனைக் கவனித்தான். விளக்கு எரியும்போதெல்லாம் இவனும் கண்ணை மூடிக்கொண்டான், அது அணைந்ததும் திறந்தான்.

"ஏன்டா கண்ணை மூடற?"

"அது கண்ணடிக்குது, நான் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்? மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

நியாயம்தான் என்று எல்லோருக்கும் பட்டது. எண்ணுகிற வேலைக்கு மரியாதை அவ்வளவாக வேண்டியதில்லை என்று பொன்னுரங்கத்தையே உட்கார வைத்தார்கள். மரகதத்தை நினைத்துக்கொண்டு அவன் கண் கொட்டாமல் எண்ணினான். மணி எட்டேகால் ஆனபோது விளக்கு மங்கியது. அப்புறம் முழுசாக அணைந்துவிட்டது.

"நாலாயிரத்து எண்ணூத்திப் பதினொண்ணு!" என்று கத்தினான் பொன்னுரங்கம். "எண்ணி முடிச்சாச்சு! வண்டியில இருந்த கோளாறு பூராத் தீந்துபோச்சுடா!"

நாலு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். தவசியப்பன் ஜீப்புக்குத் திருஷ்டி கழித்தான். பிறகு சாவியைத் திருப்பினால் ஜீப் முனகக்கூட இல்லை. பேட்டரி செத்துக் கிடந்தது.

"எத்தனை?" என்று போனில் கேட்டார் ஜேக்கப்.

"நாலாயிரத்து எண்ணூத்திப் பதினொண்ணுங்ணா."

"நடுவுல எங்கேயாவது நின்னுச்சா?" என்று கேட்டார் ஜேக்கப்.

"அது நின்னு நின்னுத்தான் எரிஞ்சுதுங்க. நாங்கதான் நிக்கவே இல்ல."

பக்கத்துத் தோட்டத்து டிராக்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றி வந்து மாட்டினார்கள். இந்த முறை முதல் சுற்றிலேயே நிறுத்தச் சொல்லி, ஆறு, அப்புறம் ரெண்டு என்பதை ஜேக்கப் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"அறுபத்திரெண்டா! அப்பச் சரி. கியரை மாத்தி விடற வால்வுக்குக் கரண்டு போகல. எங்கேயோ வயரு லூசு. பானட்டைத் திறந்து, இஞ்சினை ஓட விட்டு, ஒவ்வொரு வயரா ஆட்டிப் பாரு. எதை ஆட்டும்போது லைட்டு அணையுதோ, அங்கதான் கோளாறு. வேற எதையும் கழட்டிராதே, சாமி."

ஒவ்வொரு வயராக ஆட்டினார்கள். இஞ்சின் வயர்கள், ஹாரன் வயர், குழந்தைவேலுவின் செல்போன் சார்ஜர் வயர், எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று துணி காயப்போட்டிருந்த வயர். நாச்சிமுத்து ஆட்டினான், தவசியப்பன் ஆட்டினான். விளக்கு கண்ணடித்துக்கொண்டேதான் இருந்தது. கடைசியில் பொன்னுரங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இஞ்சினுக்குப் பின்னால் ஆழத்தில் கைவிட்டு ஒரு வயரின் நுனியிலிருந்த சாம்பல் நிறப் பிளக்கைப் பிடித்து அழுத்தினான்.

விளக்கு அணைந்தது. குழந்தைவேலு ஜீப்பை நாலடி நகர்த்தினான். முதல் கியர் விழுந்து, மாடு துள்ளுவதுபோல் துள்ளியது. பொன்னுரங்கம் கையை எடுத்தான். விளக்கு மறுபடி கண்ணடித்தது. வைத்தான், அணைந்தது. சந்தோஷத்தில் அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"கண்டுபிடிச்சுட்டேங்ணா!" என்று போனில் கத்தினான்.

"சபாஷ்! அந்த வயரை விட்டுராதே. கடையில ஆளு வந்திருக்காங்க, அனுப்பிட்டு நானே கூப்பிடறேன்."

மணி ஒன்பதரை. பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். ஜேக்கப் கூப்பிடவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பொன்னுரங்கம் வயரை விடவில்லை.

"நேரமாகுதுடா," என்றான் பொன்னுரங்கம். "மரக்கடைக்காரர் பையன் கெளம்பியிருப்பான்."

குழந்தைவேலு நோட்டைப் பார்த்தான். "வயரை விடாதேன்னுதான் சொல்லியிருக்கறாரு. வண்டிய எடுக்காதேன்னு சொல்லல."

"அப்ப மாப்பிள்ளை எங்க உக்கார்றது?" என்று கேட்டான் நாச்சிமுத்து.

இதுதான் பெரிய விவாதமாகிவிட்டது. மாப்பிள்ளை முன் சீட்டில் தட்டோடு உட்கார வேண்டும். வயரையும் மாப்பிள்ளையே பிடிக்க வேண்டும்.

"நான் வயரைப் புடிச்சுக்கறேன்," என்றான் தவசியப்பன்.

"நீ ஆட்டுனப்ப லைட்டு அணையலியே. நோட்டுல இருக்குது, பாரு. பொன்னுரங்கம் கை பட்டாத்தான் அணையுது," என்றான் குழந்தைவேலு.

"வயரு வேலைக்கு ஆளை மாத்த முடியாது," என்று தீர்ப்புச் சொன்னான் நாச்சிமுத்து. "மாப்பிள்ளை வேலைக்கு மாத்தலாம். சும்மா உக்காந்திருக்கற வேலைதானே, அதை நான் பாத்துக்கறேன்."

பொன்னுரங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் போய்ச் சேர வேண்டுமே. சரியென்று மட்கார்டின் மேல் உட்கார்ந்து, இரண்டு காலையும் இஞ்சினுக்குள் இறக்கிக்கொண்டான். அவன் பட்டுத் துண்டை நாச்சிமுத்து தோளில் போட்டுக்கொண்டு, மடியில் தாம்பூலத் தட்டோடு முன் சீட்டில் அமர்ந்தான்.

பானட் நிமிர்ந்து நின்றதால் ஓட்டுகிற குழந்தைவேலுவுக்கு ரோடு தெரியவில்லை. பானட்டைக் கழற்றலாமா என்றால், எதையும் கழட்டக் கூடாது என்று உத்தரவு. தவசியப்பன் கூரைமேல் ஏறினான். இடது பக்கம் தட்டினால் இடது, வலது பக்கம் தட்டினால் வலது என்று ஏற்பாடு.

ஜீப் ஜம்மென்று மலையேறியது. ஐந்தாவது வளைவில் பொன்னுரங்கத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் போனில் சேவல்தான் கூவும். ஒரு கை வயரில், மறு கை பிடிமானத்தில். எப்படி எடுப்பான்? அந்தச் சேவல் விட்டு விட்டு மலை முழுக்கக் கூவிக்கொண்டே வந்தது.

இருபத்திரண்டாவது வளைவில் தட்டிலிருந்த வாழைப்பழ வாசனைக்குக் குரங்குகள் கூரைமேல் குதித்தன. தவசியப்பன் வலது பக்கம் வந்த குரங்கை விரட்டப் பட்டென்று தட்டினான். குழந்தைவேலு வலது பக்கம் ஒடித்தான். ஜீப் காப்பித் தோட்டத்துக்குள் புகுந்தது. இடது பக்கக் குரங்குக்கு ஒரு தட்டு. ஜீப் இடது பக்கம் வளைந்து ரோட்டுக்கே வந்து சேர்ந்தது. அடுத்த நாலு வளைவுக்கு ஜீப்பை ஓட்டியவை குரங்குகள்தான். தவசியப்பனைவிட அவற்றுக்குப் பாதை நன்றாகத் தெரிந்திருந்தது.

பதினொன்று இருபதுக்குச் செம்மலையார் வாசலில் ஜீப் வந்து நின்றது. பெண்கள் ஆரத்தித் தட்டோடு ஓடிவந்து நாச்சிமுத்துவுக்குச் சுற்றி, நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டார்கள். அவன் உம்மென்று உட்கார்ந்திருந்தான். உட்காரும் வேலைதானே அவனுக்குக் கொடுத்தது?

"மாப்ள முன்னைக்கு இப்பக் கறுத்துட்டாப்டியே," என்றார் செம்மலையார்.

"நான் மாப்பிள்ளை இல்லீங்க," என்றான் நாச்சிமுத்து. "மாப்பிள்ளை இஞ்சினுக்குள்ள இருக்கறாருங்க."

இஞ்சினுக்குள்ளிருந்து சேவல் கூவியது. செம்மலையார் பயந்துபோய் எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் கரி, வேட்டியில் ஆயில், காதில் ஒரு காப்பி இலை. பொன்னுரங்கம் ஒரு கையால் கும்பிட்டான்.

"தப்பா நெனைக்காதீங்க மாமா. கையை எடுத்தா கியர் போயிருமுங்க. நாப்பது வளைவும் விடாமப் புடிச்சுட்டு வந்திருக்கறேன். எனக்கு மரகதத்தைத் தவிர வேற யாரும் வேண்டாமுங்க."

செம்மலையார் ஊராரைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா? ஒரு வயரையே இந்தப் புடி புடிக்கறவன், என்ற மகளைக் கைவிடுவானா? கொண்டாங்க தட்டை!" என்றார். பேட்டரிமேல் வைத்துத் தட்டு மாற்றினார்கள்.

எல்லோரும் பந்திக்கு ஓடிய பிறகு மரகதம் மட்டும் ஒரு டம்ளர் மோரோடு வந்தாள். சேவல் கூவியது. அவளே அவன் பையிலிருந்து போனை எடுத்துப் பேசினாள்.

"எங்கடா போனீங்க எல்லாரும்!" என்று ஜேக்கப் அலறினார். "அந்தப் பிளக்கை நல்லா உள்ள அழுத்து. டக்குன்னு சத்தம் வரும். அவ்வளவுதான்டா வேலை!"

மரகதம் கையை உள்ளே விட்டு, அவன் விரல்களுக்குப் பக்கத்தில் ஒரு அழுத்து அழுத்தினாள்.

டக்.

பொன்னுரங்கம் மெதுவாகக் கையை எடுத்தான். விளக்கு எரியவில்லை. அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப நான் இனி எதுக்குங்க?" என்றான்.

மரகதம் பந்திப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே அவள் அப்பா, இலை இலையாகப் போய் மாப்பிள்ளையின் பிடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பேசாம மறுபடியும் புடிச்சுக்கோங்க," என்றாள் அவள். "கல்யாணம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லிறாதீங்க."

அவன் பிடித்துக்கொண்டான், கல்யாணத்தன்றும் மாலையும் கழுத்துமாக இஞ்சினுக்குள்தான் வந்து இறங்கினான். அன்றிலிருந்து சுண்டக்காப்புதூரில் அதுவே வழக்கமாகிவிட்டது. எந்தக் கார் பிடித்தாலும் மாப்பிள்ளை இஞ்சினுக்குள்தான் உட்காருவார். போன ஆவணியில் ஒரு டிரைவர், தன் புது வண்டியில் எந்த வயரும் லூசு இல்லை, பிடிக்க வேண்டியதே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னாராம். மாப்பிள்ளை வீட்டார் அசரவில்லை. வெற்றிலை பாக்குக்கு நடுவே கையோடு கொண்டுவந்திருந்த ஒரு முழ வயரை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்து, பானட்டைத் திறந்துவிட்டு, கூரைமேல் ஏற்ற இரண்டு குரங்குகளைத் தேடிக்கொண்டு போனார்கள்.